நிகண்டும் நூலும்: ஆங்கிலச் சொல்வளம் பெறும் வழி

(மகாவீரர் ஜயந்தி விழாவையொட்டிப் பாரூரில் நடைபெற்ற மாணவர் பரிசளிப்பு அரங்கில் ஆற்றிய உரை)



ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரை ஆங்கிலச் சொல்வளம் பற்றிப் பேச அழைத்தது ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு மொழியின் சொற்களை மனம் எவ்வாறு ஏற்றுக்கொள்கிறது என்பது எல்லா மொழிக்கும் பொதுவான செய்தி. தமிழ்ச் சொற்களை மாணவர் மனத்தில் பதிய வைப்பதே வாழ்நாள் பணியாக இருந்த எனக்கு, அந்தப் பணியில் கண்டவை ஆங்கிலத்திற்கும் பொருந்துவதைச் சொல்லும் உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

நம் பகுதி பல மொழிகள் கூடும் எல்லைப் பகுதி. இங்கு அமர்ந்துள்ள பிள்ளைகள் பலர் வீட்டில் மார்வாடியோ குஜராத்தியோ பேசுகின்றனர். தெருவில் தமிழ் பேசுகின்றனர். கடைக்கு வருவோரிடம் தெலுங்கும் உருதுவும் கேட்கின்றனர். பெங்களூர்ச் சரக்குக்காரரிடம் கன்னடத்தில் கணக்குச் சொல்கின்றனர். இந்த மொழிகளையெல்லாம் யாரும் பட்டியல் போட்டுக் கற்பிக்கவில்லை. காதும் வாயும் தாமே கற்றன. ஆங்கிலத்தின் நிலை வேறு. நம் சந்தையிலும் வயலிலும் அது வழங்குவதில்லை. ஆகவே காதால் கிடைக்காததைக் கண்ணால் பெற வேண்டியிருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் புத்தகத்தின் பக்கத்திலிருந்துதான் பெரும்பாலும் வர முடியும்.

இதில் பெரிய இழப்பு ஒன்று அடங்கியிருக்கிறது. தமிழ் வழியில் நன்றாகப் படித்துத் தேறிய பிள்ளை, கல்லூரிக்கோ தொழிற்பயிற்சி நிலையத்திற்கோ செல்கிறது. ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலைக்கு நேர்காணல் என்றால் ஆங்கிலம். எந்திரத்தின் கையேடு ஆங்கிலம். பாதுகாப்பு அறிவிப்பும் பல இடங்களில் ஆங்கிலம். அறிவு குறையாத பிள்ளை சொல் குறைந்ததால் கூனிக் குறுகி நிற்பதையும், சிலர் படிப்பையே கைவிட்டு வருவதையும் நாம் பார்த்திருக்கிறோம். இதைக் கண்டு அஞ்சும் பெற்றோர் இரண்டு காரியங்கள் செய்கின்றனர். ஒன்று, 'முப்பது நாளில் ஆங்கிலம்' என்னும் வகைப் புத்தகத்தை வாங்கித் தருவது. மற்றொன்று, நாளுக்குப் பத்துச் சொல் மனப்பாடம் செய்யச் சொல்வது. இந்த இரண்டாவது வழியைப் பற்றித்தான் முதலில் சிறிது ஆராய வேண்டும்.

சொற்களை மனப்பாடம் செய்வது நமக்குப் புதிதன்று. பழைய திண்ணைப் பள்ளிகளில் நிகண்டு ஓதாத மாணவர் இல்லை. அவர்கள் விரும்பி ஓதிய நிகண்டு 'சூடாமணி'. அதை இயற்றிய மண்டலபுருடர் சமணப் புலவர். பொருள்வகையால் பிரித்த பன்னிரண்டு தொகுதிகளாக, ஓசை இனிமையுள்ள விருத்தங்களில், மனத்தில் நிற்கும்படி அதை அமைத்தார். அதன் 11ஆம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்துத் தருவது. சொல் ஒன்று, பொருள் பல என்பதை அந்தப் புலவர் எவ்வளவு கருத்தாக எண்ணியிருந்தால் ஒரு தொகுதியையே அதற்கு ஒதுக்கியிருப்பார்! ஆயினும் நிகண்டு ஓதியதோடு அக்காலக் கல்வி முடிந்துவிடவில்லை. நிகண்டு மனப்பாடமான பின் நூல்களைப் பாடம் கேட்டனர். நிகண்டில் பெயராக அறிந்த சொல்லை, நூலில் உயிரோடு கண்டனர். நாம் இன்று ஆங்கிலத்தில் முதற்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, பிற்பாதியை விட்டுவிட்டோம்.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 'ஃபாஸ்ட்' என்றால் 'வேகமாக' என்று பட்டியலில் படித்த மாணவர், காந்தியடிகளின் வரலாற்றை ஆங்கிலத்தில் வாசிக்கிறார். அங்கே அவர் பலமுறை 'ஃபாஸ்ட்' மேற்கொண்டார் என்று வருகிறது. வேகத்திற்கு அங்கே இடமில்லை. முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களில் உணவு மறுத்ததும் உடல் மெலிந்ததும் வருகின்றன. அப்போதுதான் அச்சொல்லுக்கு உண்ணாநோன்பு என்ற பொருளும் உண்டு என்பது விளங்குகிறது. நாள்தோறும் நாம் சொல்லும் 'பிரேக்ஃபாஸ்ட்' என்பது இரவு முழுதும் உண்ணாதிருந்த நோன்பை முடிப்பது என்பதும் அப்போதே தெளிவாகிறது. உபவாசம் இருந்து மறுநாள் 'பாரணை' செய்யும் வழக்கமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது இனி எக்காலத்தும் மறவாது. பட்டியல் ஒரு பொருளைத் தந்தது. நூல் மற்றொரு பொருளையும் அதற்குரிய இடத்தையும் சேர்த்துத் தந்தது.

தமிழிலேயே இதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தபோது, உ.வே. சாமிநாதையர் இலக்கண இலக்கியப் பயிற்சி நிரம்பியவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். ஆனால் முதலியார் வாயிலாகச் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தபோது, அதுவரை கற்றவை போதவில்லை. சமண சமயச் சொற்கள் அவருக்குப் புதியனவாக இருந்தன. அவர் என்ன செய்தார்? நூலைத் திரும்பத் திரும்ப வாசித்தார். நச்சினார்க்கினியர் உரையோடு பொருத்திப் பார்த்தார். கும்பகோணத்தில் வாழ்ந்த சமணப் பெருமக்களிடம் சென்று ஐயங்களைக் கேட்டறிந்தார். அந்தச் சொற்கள் அவர்கள் வாழ்க்கையில் வழங்கிக்கொண்டிருந்தமையால் பொருள் விளங்கிற்று. 1887இல் சிந்தாமணி அச்சேறியது. இதனால் நாம் பெறும் பாடம், வாசிப்பவன் அறியாத சொல்லைக் கண்டு நூலை மூடிவிடக் கூடாது என்பது. முதலில் நூலிலேயே தேட வேண்டும். பிறகு உரையிலோ அகராதியிலோ தேட வேண்டும். அதற்கும் பிறகு அறிந்தோரைக் கேட்க வேண்டும்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். ஆங்கிலத்தில் சொற்கள் இலட்சக்கணக்கில் உள்ளன என்று கேட்டுப் பிள்ளைகள் மலைத்துப் போகின்றனர். மலைக்க வேண்டியதில்லை. நூறாண்டுகளுக்கு முன் வங்காளத்தில், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், நம் நாட்டுப் பிள்ளைகளின் தேவையை ஆராய்ந்தார். அவர்களுக்கு முதலில் வேண்டியது வாசிக்கும் திறன் என்று கண்டு, சொற்களை அளந்து எழுதிய எளிய வாசிப்பு நூல்களை உருவாக்கினார். பின்னர் 1953இல் அவர் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் உள்ளன. ஓர் ஆங்கிலப் பக்கத்தில் வரும் சொற்களில் சுமார் எண்பது விழுக்காடு இந்த 2,000 சொற்களுக்குள்ளும் அவற்றின் கிளைகளுக்குள்ளும் அடங்கிவிடும். ஆகவே முதல் 2,000 சொற்களுக்குப் பட்டியல் துணை செய்யும். அந்த அளவுக்கு நிகண்டு முறையை நானும் வரவேற்கிறேன்.

அதற்கு மேல்தான் நூல் வேண்டும். நியூசிலாந்து அறிஞர் பால் நேஷன் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாவலையும் செய்தித்தாளையும் துணையின்றி வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். சொற்குடும்பம் என்பது ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தது. அவர் வைத்த அளவுகோல், நூறு சொல்லில் தொண்ணூற்றெட்டு தெரிந்திருக்க வேண்டும் என்பது. எஞ்சிய இரண்டை, தெரிந்தவற்றின் துணையால் ஊகித்து அறியலாம்.

இதிலிருந்து பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். 'ஆங்கிலம் வர வேண்டுமா, ஹிந்து பேப்பரைப் படி' என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வழங்கும் அறிவுரை. அந்த இதழைப் படித்து உயர்ந்தவர் பலர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கையில் அதன் தலையங்கத்தைக் கொடுத்தால், நூற்றுக்கு இருபது சொல் தெரியாத நிலையில் அது திகைத்து நிற்கும். ஏணியின் மேற்படியை முதலில் காட்டுவது போன்றது அது. கீழ்ப்படிகள் எவை என்பதை நாம் காட்ட வேண்டும்.

அந்தக் கீழ்ப்படிக்கு நம் மாவட்டமே ஒரு நல்ல வழியைத் தந்திருக்கிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர் இராஜாஜி. ஓசூரில் பள்ளிக்கல்வியும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் உயர்கல்வியும் பெற்றவர். மகாபாரதத்தை 'வியாசர் விருந்து' என்று தமிழிலும், இராமாயணத்தைச் 'சக்கரவர்த்தித் திருமகன்' என்று தமிழிலும் எழுதினார். பின்னதற்கு 1958இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இவ்விரு கதைகளும் அவர் பெயரால் ஆங்கிலத்திலும் உள்ளன. பாரதீய வித்யா பவன் மகாபாரதத்தை 1951இலும் இராமாயணத்தை 1957இலும் வெளியிட்டது. தமிழிலும் ஆங்கிலத்திலும் வாக்கியங்கள் சிறியவை. அத்தியாயங்கள் சில பக்கங்களில் முடிபவை.

மாணவர்களே, இதன் பயனைச் சிந்தித்துப் பாருங்கள். முதல் நாள் தமிழில் ஓர் அத்தியாயம் படியுங்கள். மறுநாள் அதே நிகழ்ச்சியை ஆங்கிலத்தில் படியுங்கள். துரோணர் அருச்சுனனுக்கு வில் கற்பித்தது உங்களுக்கு முன்பே தெரியும். ஆகவே அம்பு, நாண், குறி, பயிற்சி என்பவற்றிற்குரிய ஆங்கிலச் சொற்கள் முகம் தெரிந்தவர்போல் எதிரே வரும். கதையே அகராதியாகிவிடும். இதைவிடச் சிறிய படி வேண்டுவோர்க்கும் வழி உண்டு. சென்னைத் தூலிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் உள்ள படக்கதைகளை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டோரிவீவர்' என்னும் இணையத் தொகுப்பில், ஒரே கதையைத் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நிலைவாரியாகக் கட்டணமின்றிப் படிக்கலாம். வீட்டில் ஒரு கைபேசி இருந்தால் போதும்.

வாசிக்கும் முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, நூலைத் தேர்தல். ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து நூறு சொல் அளவுக்குப் படியுங்கள். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்குங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்த நூலை அடுத்த ஆண்டுக்கு வையுங்கள். இரண்டோ மூன்றோ மடங்கினால் அதுவே உங்களுக்குரிய நூல்.

இரண்டாவது, நிற்காமல் வாசித்தல். தெரியாத சொல்லின் கீழ்ப் பென்சிலால் ஒரு புள்ளி இட்டுவிட்டு மேலே செல்லுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டினால் கதை அறுந்துபோகும். கதை அறுந்தால் ஆர்வமும் அறும். அத்தியாயம் முடிந்தபின் புள்ளியிட்ட சொற்களுக்குத் திரும்புங்கள். பாதிச் சொற்களின் பொருள் அதற்குள் தானே விளங்கியிருக்கும். எஞ்சியவற்றிற்கு அகராதி பாருங்கள்.

மூன்றாவது, குறிப்பேடு. சொல்லை மட்டும் எழுதாதீர்கள். அது வந்த வாக்கியத்தையும் எழுதுங்கள். தனிச் சொல்லுக்கு நினைவில் நிற்கப் பற்றுக்கோடு இல்லை. வாக்கியத்தோடு எழுதினால், கதையும் காட்சியும் அதைப் பிடித்து நிறுத்தும்.

நான்காவது, சொல்லைப் பிரித்துப் பார்த்தல். இதில் தமிழ் படித்த மாணவர்க்கு ஒரு தனி வலிமை உண்டு. சமண முனிவர் பவணந்தியார் நன்னூலில் வகுத்த பகுபத உறுப்பிலக்கணத்தை ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளிலேயே நீங்கள் கற்கிறீர்கள். 'நட' என்னும் பகுதியிலிருந்து நடை, நடத்தை, நடப்பு, நடத்துநர் என்று சொற்கள் விரிவதை அறிவீர்கள். ஆங்கிலத்தில் 'ஆக்ட்' என்னும் பகுதியிலிருந்து 'ஆக்டர்', 'ஆக்‌ஷன்', 'ஆக்டிவ்', 'ரியாக்‌ஷன்' என்று விரிவதும் அதே கண்ணுக்குத் தெரியும். தமிழில் விகுதிகள் சொல்லின் இறுதியில் சேரும். ஆங்கிலத்தில் 'அன்', 'ரீ' போன்றவை முன்னும் சேரும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்தால் போதும். பகுதி ஒன்றைக் கற்றால் குடும்பமே வசமாகும். பால் நேஷன் சொற்குடும்பம் என்று எண்ணியதும் இதைத்தான்.

இவ்வளவு மெதுவாகச் சென்றால் எப்போது கரை சேர்வது என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 1,000 சொல் கொண்ட பகுதியை வாசிக்கத் தொடக்க மாணவர்க்கு இருபது நிமிடம் ஆகும் என்று கொள்வோம். ஓராண்டில் அது 3,65,000 சொல். நூற்றுக்கு இரண்டு புதியவை என்றால், புதுச் சொல்லை எதிர்கொள்ளும் வாய்ப்பு 7,300 முறை. ஒரு சொல் மனத்தில் தங்க அதைப் பத்து முறையேனும் காண வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 730 சொற்கள். பல சொற்கள் ஓரிரு முறையே வந்து போகும் என்பதால் பாதியைக் கழித்துவிடுவோம். அப்போதும் ஏறத்தாழ நாளுக்கு ஒரு சொல் நிலையாகத் தங்குகிறது. நாளுக்குப் பத்துச் சொல் ஓதி, தேர்வு முடிந்தவுடன் ஒன்பதரையை மறப்பதினும் இது மேலல்லவா? ஆறாம் வகுப்பில் தொடங்கினால் பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள், அதுவும் பயன்படுத்தத் தெரிந்த சொற்கள், கைவசமாகும். தென்பெண்ணை நீர் கால்வாய் வழியே வந்துதான் நம் பாரூர் ஏரி நிறைகிறது. ஒரே இரவில் நிறைவதில்லை. ஆனால் நிறைந்தபின் ஊருக்கெல்லாம் பாய்கிறது.

இது வெறும் நம்பிக்கை அன்று என்பதற்கு ஒரு சான்று. நம் தமிழ் மக்கள் கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்று குடியேறிய பிஜித் தீவுகளில், 1980ஐ ஒட்டி, வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்னும் இரு கல்வியாளர்கள் ஒரு சோதனை செய்தனர். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் கிராமப் பள்ளிகளில், நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு 250 கதைப் புத்தகங்களை வழங்கினர். பிள்ளைகள் அவற்றைத் தாமே படித்தனர். அல்லது ஆசிரியரோடு சேர்ந்து படித்தனர். வேறு சில பள்ளிகளில் வழக்கமான பாடமே நடந்தது. எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, கதைப் புத்தகம் பெற்ற பிள்ளைகள் வாசித்து உணர்வதில் மற்றவரைப்போல் இருமடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தனர். அடுத்த ஆண்டில் அந்த முன்னேற்றம் எழுத்திலும் இலக்கணத்திலும் பரவிற்று. 1983இல் வெளியான இந்த ஆய்வு இன்றும் உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. அந்தக் கிராமங்களுக்கு அரிய கருவி எதுவும் செல்லவில்லை. படிக்கத் தூண்டும் புத்தகங்கள் சென்றன, அவ்வளவே.

இதனால் அறக்கட்டளையின் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்க விரும்புகிறேன். உணவு, அபயம், மருந்து, சாத்திரம் என்று நால்வகைத் தானத்தைப் போற்றுவது உங்கள் மரபு. அன்னதானமும் மருத்துவ முகாமும் ஆண்டுதோறும் இப்பகுதியில் குறைவின்றி நடப்பதைக் காண்கிறோம். நான்காவதாகிய சாத்திர தானத்திற்கு, எல்லைக்கு அப்பால் கன்னட நாட்டில் ஒரு பேரொளி உண்டு. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் சமணப் பெருமாட்டி, கவி பொன்னன் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். அச்சு எந்திரம் இல்லாத காலத்தில், ஒவ்வோர் ஓலையும் கையால் எழுதப்பட்ட காலத்தில், ஆயிரம் படிகள்! இன்று ஆயிரம் புத்தகம் திரட்டுவது அதைவிடக் கடினமன்று.

ஆகவே அடுத்த ஆண்டு முதல் பரிசாக வழங்கும் எவர்சில்வர் பாத்திரத்தோடு, பிள்ளையின் நிலைக்கேற்ற ஆங்கிலக் கதைநூல் ஒன்றையும் அதன் தமிழ் வடிவத்தையும் சேர்த்து வழங்குங்கள். மண்டபத்தின் ஒரு மூலையில் ஓர் அலமாரி வையுங்கள். அதைப் பூட்டாமல் வையுங்கள். எந்தச் சமயத்துப் பிள்ளையும், எந்த மொழி பேசும் பிள்ளையும், பெயரைப் பதிந்து நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். சில நூல்கள் கிழியும். சில திரும்பி வாரா. கிழிந்த நூல் படிக்கப்பட்ட நூல் என்று மகிழுங்கள். நூலகவியலின் தந்தை சீர்காழி எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் வகுத்த விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பதே. பெற்றோர்களே, நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே செல்கிறது. ஆதலால் அருகிலுள்ள கிளை நூலகம் உங்கள் பணத்தில் நடப்பது. பிள்ளையின் கையைப் பிடித்து ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

நிறைவாக மாணவர்களுக்கு ஒரு சொல். ஆங்கிலம் நிறையத் தெரிந்தவர் முன்னால் வாய் திறக்க அஞ்சுகிறீர்கள். அச்சம் நீங்குவதற்காகக் காத்திருக்க வேண்டாம். யாரும் பார்க்காத இடத்தில், யாரும் நகைக்காத நேரத்தில், ஒரு புத்தகத்தோடு தனியே அமரலாம். அது உங்களை மதிப்பெண் கேட்காது, தவறினால் கடிந்துகொள்ளாது, எத்தனை முறை திரும்பிச் சென்றாலும் சலிக்காமல் அதே சொல்லை அதே இடத்தில் காட்டும். இன்று இரவே இருபது நிமிடம் ஒதுக்குங்கள். மாவட்ட எல்லையைக் கடந்து செல்லும் நாள் வரும்போது, உங்கள் அறிவுக்கு ஏற்ற சொல் உங்கள் நாவில் இருக்கும்.